இருக்கைக்கு அடியில்

பழனியில் என் நண்பர் ஒருவரின் வீட்டுக் கொட்டகையில் பழைய அம்பாஸிடர் கார் ஒன்று நிற்கிறது. அவருடைய தகப்பனார் ஓட்டிய வாடகை வண்டி அது. தைப்பூசத்துக்கு வந்தவர்களையும், கொடைக்கானல் மலைக்குப் போகிறவர்களையும் சுமந்து பல்லாண்டுகள் ஓடியது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரைத் தழுவி, கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் உருவான அந்த வண்டியினத்தின் உற்பத்தி 2014ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. அந்தத் தகப்பனாரும் இப்போது இல்லை.

வண்டியைப் புதுப்பிக்க நண்பர் ஒரு மெக்கானிக்கை அழைத்திருந்தார். முதலில் இருக்கைகளைக் கழற்ற வேண்டும் என்றார் அவர். நண்பர் தயங்கினார். ஓட்டுகிறவர் உட்காரும் இடத்தில் ஒரு குழி இருந்தது. ஒரே மனிதர் நாள்தோறும் உட்கார்ந்து உண்டான குழி. “அதைப் பார்த்தால் அப்பாவையே பார்ப்பதுபோல் இருக்கிறது. அதை எப்படிக் கழற்றுவது?” என்று என்னைக் கேட்டார்.

நானும் அவர் பக்கமே பேசினேன். “எஞ்சினைச் சரிசெய்யுங்கள், வெளியே வர்ணம் அடியுங்கள். இருக்கை இருந்தபடியே இருக்கட்டும்” என்றேன். எழுதுகிறவன் உணர்ச்சியின் பக்கம்தான் நிற்க வேண்டும் என்று எனக்கு ஒரு மயக்கம்.

மெக்கானிக் வாதாடவில்லை. “சீட்டை எடுக்காம தகரத்தை எப்படிங்க பாக்கறது?” என்று மட்டும் கேட்டார்.

பாட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, துருப்பிடித்த போல்ட்டுகளில் மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு ராத்திரி ஊறவிட்டார். மறுநாள் முன் இருக்கை வந்தது, பின் மெத்தை வந்தது, சாய்மானம் வந்தது. பிறகு கதவுக் கைப்பிடிகள், உட்புற அட்டைகள், கடைசியில் கூரைத் துணி. ஒவ்வொன்றின் திருகுகளையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் பெயர் எழுதினார். கழற்றுமுன் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார். கிழிந்த ரெக்ஸினைக்கூட எறியவில்லை. புதியதை வெட்டுவதற்கு அதுதானே அளவு!

இருக்கைக்கு அடியில் திருநீற்றுப் பொட்டலங்களும் சில நாணயங்களும் ஒரு குழந்தையின் வளையலும் கிடந்தன. நண்பர் கண் கலங்கினார். பிறகு மெக்கானிக் தரைவிரிப்பைத் தூக்கித் திருப்புளியால் மெல்லக் குத்தினார். தகரம் பொத்துக்கொண்டது; கீழே மண் தெரிந்தது. முன்கண்ணாடி ரப்பரின் வழியே கசிந்த மழைநீர் விரிப்புக்கு அடியில் தங்கி, ஆண்டுக் கணக்காய் இரும்பைத் தின்றிருக்கிறது. ‘இருந்தபடியே இருக்கட்டும்’ என்று நான் தீர்ப்புச் சொன்ன இடம் அது!

அப்போது நண்பரின் தாயார் வந்தார். குழி விழுந்த மெத்தையைப் பார்த்தார். “இந்தக் குழியாலதான்டா உங்கப்பாவுக்கு இடுப்புப் போச்சு. துண்டை மடிச்சு வச்சுக்கிட்டே ஓட்டுவாரு. ஸ்பிரிங் மாத்தணும்னு சொல்லிச் சொல்லியே காலம் போயிடுச்சு” என்றார்.

நாங்கள் இருவரும் பேசவில்லை. ஒரு மனிதரின் வலியை அவருடைய ஞாபகச் சின்னமாக்கிக் கும்பிட இருந்தோம்.

பழையதைத் தொடாமல் வைப்பதுதான் மரியாதை என்று நினைக்கிறோம். பழனி மலைக்கோயிலில் 2023ஆம் ஆண்டு ஜனவரி 27ஆம் நாள் குடமுழுக்கு நடந்தது. அதற்கு முன் திருப்பணி நடந்தது. எந்தக் கோயிலிலும் பாலாலயம் செய்துவிட்டுத்தான் திருப்பணி தொடங்குவார்கள். தொடுவதற்கு நம் முன்னோர் அஞ்சவில்லை; முறையில்லாமல் தொடுவதற்குத்தான் அஞ்சினார்கள்.

ஏதென்ஸ் நகரத்தார் தீசியஸின் கப்பலை வைத்துக் காத்தார்கள் என்றும், உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தார்கள் என்றும் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். அது அதே கப்பல்தானா என்று தத்துவவாதிகள் சண்டையிட்டார்களாம். அதே கப்பலோ அல்லவோ, எந்தப் பலகை புதியது என்று மறைக்காமல் சொன்னால் போதும் என்றே எனக்குத் தோன்றுகிறது. பழங்கட்டடங்களைக் காப்பது பற்றி 1964இல் எழுந்த வெனிஸ் சாசனமும் இதைத்தான் கேட்கிறது: இல்லாத பகுதிக்குப் பதிலாக வைப்பது முழுமையோடு இசைய வேண்டும், ஆனால் மூலத்திலிருந்து பிரித்தறியும்படியும் இருக்க வேண்டும்.

நண்பர் அப்படியே செய்தார். இருக்கையின் சட்டமும் உடையாத ஸ்பிரிங்குகளும் பழையவை. உடைந்த ஸ்பிரிங், தேங்காய் நார், ரெக்ஸின், தரைத் தகரம் புதியவை. எது எப்போது மாற்றப்பட்டது என்று ஒரு தாளில் எழுதி மெத்தைக்குள் வைத்துத் தைக்கச் சொன்னார். பின்னால் எவராவது பிரிக்கும்போது ஏமாறக் கூடாது அல்லவா?

வேலை முடிந்ததும் தாயார் அந்த இருக்கையில் ஒரு முறை உட்கார்ந்து பார்த்தார். “இப்ப அவருக்கு வலிக்காது” என்றார்.

இறந்தவர்களிடம் நமக்கு அன்பு உண்டு. அவர்கள் இருக்கைக்கு அடியில் பார்க்கும் துணிவும் அந்த அன்புக்கு வேண்டும்.