கை மாறும் நேரம்

எங்கள் குடுபல்லியில் காலை எட்டரை மணிக்குச் சாலையோரம் நின்று பாருங்கள். பால் கேன் மாட்டிய எக்ஸெல், தக்காளிப் பெட்டி அடுக்கிய மினி லாரி, குப்பம் பஸ், ஷேர் ஆட்டோ எல்லாம் அந்த ஒரு சாலையில்தான் போயாக வேண்டும். நர்சரிப் பிள்ளைகள் வந்து இறங்குவதும் அதே நேரத்தில்தான். மூன்று வயது, நான்கு வயது. சட்டையில் பின் குத்திய கைக்குட்டை, வயிறு வரை தொங்கும் அடையாள அட்டை, முதுகையே மறைக்கும் பை.

ஒரு நாள் ஒரு தகப்பனைக் கவனித்தேன். வண்டியை அவர் அணைக்கவில்லை. இடது காலைத் தரையில் ஊன்றி, பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்திருந்த மகளை ஒரு கையால் தூக்கி இறக்கினார். பையை மாட்டிவிட்டார். "போம்மா, ஓடு" என்றார். குழந்தை திரும்பி டாட்டா காட்டியபோது வண்டி வளைவைத் தாண்டியிருந்தது. இறக்கிய இடத்திலிருந்து கேட் வரை என் காலுக்குப் பதினாறு எட்டு இருக்கும். அவள் காலுக்கு முப்பத்திரண்டு. எண்ணிக்கொண்டே நின்றேன்.

அந்த முப்பத்திரண்டு எட்டு வைத்து முடிக்கும் வரை அந்தக் குழந்தை யார் பொறுப்பு? அப்பாவைக் கேட்டால் பள்ளியில் விட்டாயிற்று என்பார். பள்ளியைக் கேட்டால் இன்னும் வந்து சேரவில்லை என்பார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் இருவருக்கும் நடுவே ஒரு குழந்தை தனியாக நடந்துகொண்டிருக்கிறது.

அந்தத் தகப்பனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் அதையே செய்தவன்.

என் பேத்திக்கு அப்போது மூன்றரை வயது. மகனும் மருமகளும் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் இதுதான் நிலை. 1864-இல் போட்ட ஜோலார்பேட்டை - பெங்களூர் ரயில் பாதை எங்களைத் தொட்டுக்கொண்டு போகிறது. பிழைப்பு அந்தப் பாதையின் மறுமுனையில் இருக்கிறது. பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் இருக்கிறார்கள். அன்று எனக்கு பேங்க்கில் ஒரு அவசரம். கேட்டுக்கு முன்னால் பேத்தியை இறக்கி, "போ கண்ணு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். அன்று கேட் திறக்கப் பத்து நிமிடம் தாமதம். அது எனக்குத் தெரியாது. அவள் கேட்டைத் தள்ளிப் பார்த்திருக்கிறாள். திறக்கவில்லை. நான் போன திசையில் நடக்கத் தொடங்கியிருக்கிறாள். எதிர்க்கடைப் பெண் நடுச்சாலையில் அவளைப் பார்த்து ஓடிவந்து தூக்கிப்போய், கடை மேசை மேல் உட்காரவைத்து, கையில் ஒரு பிஸ்கட்டையும் கொடுத்துவிட்டு எனக்கு போன் செய்தார். நான் போய்ச் சேர்ந்தபோது அந்த பிஸ்கட்டைக் கடிக்காமல் அப்படியே பிடித்திருந்தாள். "ஏன் கண்ணு ரோட்டுக்கு வந்த?" என்று கேட்டேன்.

"நீதான தாத்தா போன்னு சொன்ன. நான் போனேன்" என்றாள்.

அந்தப் பதிலைச் சுமந்துகொண்டு பல நாள் நடந்திருக்கிறேன். அவள் ஒரு தவறும் செய்யவில்லை. சொன்னதைச் செய்தாள். எங்கே போ, யாரிடம் போ என்பதைச் சொல்லாதவன் நான்.

நாம் பேசும் பேச்சிலேயே இது இருக்கிறது. "பிள்ளையை ஸ்கூல்ல விட்டுட்டு வந்துடறேன்" என்கிறோம். பக்கத்து வீட்டுத் தெலுங்கிலும் 'வதிலி', அதாவது விட்டு, வருவதுதான். கையில் இருப்பதை விடுவதற்கு என்ன சொல்லோ, பிள்ளைக்கும் அதுவே. ஒரு பவுன் நகையை அடகுக் கடையில் வைக்கப் போனால் விட்டுவிட்டு வருவதில்லை. எடை போட்டு, சீட்டு வாங்கி, ஒப்படைத்துவிட்டு வருகிறோம். ரேஷன் கடையில் விரல் ரேகை வைக்கிறோம். பால் சொசைட்டியில் ஊற்றுகிற பாலுக்கு அளவு எழுதிக்கொடுக்கிறார்கள். குழந்தையைத்தான் விட்டுவிட்டு வருகிறோம்.

முன்பு இப்படி இல்லை. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி நாட்டில் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அங்கன்வாடிகள் அதில் பிறந்தவை. அங்கன்வாடி உதவியாளருக்குச் சமையல், கூட்டிப் பெருக்குவது போன்ற வேலைகளோடு இன்னொரு வேலையும் உண்டு: சின்னப் பிள்ளைகளை வீட்டிலிருந்து அழைத்து வருவது. எங்கள் பக்கத் தமிழில் ஆயா என்றால் பாட்டி. அங்கன்வாடி உதவியாளரையும் ஆயா என்றுதான் கூப்பிடுகிறோம். எந்த அதிகாரி வைத்த பேரோ தெரியாது, பொருத்தமான பேர்.

எங்கள் தெருவுக்கு வந்த ஆயாவை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வாசலில் நின்று குழந்தையின் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். அம்மா பிள்ளையைக் கொண்டுவந்து கையில் பிடித்துக் கொடுக்க வேண்டும். பிள்ளை தானாக ஓடிவந்தால் ஏற்க மாட்டார். "கை குடும்மா" என்பார், தாயிடம்தான். தாயின் கையில் இருக்கும்போதே பிள்ளையின் மறு கையை அவர் பிடித்துக்கொள்வார். ஒரு நொடி இரண்டு பேர் கையிலும் குழந்தை இருக்கும். பிறகுதான் தாய் விடுவாள். ஏழெட்டுப் பிள்ளைகள் சேர்ந்ததும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாக நடப்பார்கள். சாலையைக் கடக்கும்போது அவர் நடுச்சாலையில் நின்றுவிடுவார். லாரியும் நிற்கும்.

இன்று அங்கன்வாடிகள் இருக்கின்றன, ஆயாக்களும் இருக்கிறார்கள். ஆனால் எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று கான்வென்ட் பக்கம் பிள்ளைகள் போன பிறகு, அழைத்துப் போவது வேனுக்கும் ஆட்டோவுக்கும் பைக்குக்கும் மாறிவிட்டது. வண்டி வேகமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கையை நீட்டிப் பிள்ளையை வாங்க அதற்குத் தெரியாது.

2022 மார்ச் 28-ஆம் தேதி, சென்னை வளசரவாக்கத்தில் ஒரு தனியார் பள்ளி. இரண்டாம் வகுப்பு படித்த ஏழு வயதுப் பையன் வேனில் வந்து பள்ளி வளாகத்துக்குள்ளேயே இறங்கினான். வேனில் விட்டுவிட்ட ஏதோ ஒன்றை எடுக்கத் திரும்பி வந்தான் என்று அப்போது செய்திகள் சொல்லின. அந்த வேன் அவன் மேல் ஏறியது. வீட்டிலிருந்து பத்திரமாக வந்தவன். பள்ளிக்குள்ளும் நுழைந்துவிட்டவன். வேனைப் பொறுத்தவரை அவன் இறங்கியாயிற்று. வகுப்பைப் பொறுத்தவரை அவன் இன்னும் வரவில்லை. அந்தச் சின்ன இடைவெளியில்தான் அவன் போனான்.

இதைப் படித்த பிறகு, தெரிந்த வேன் ஓட்டுநர் ஒருவரிடம் கேட்டு அவருடைய இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். வண்டிக்குப் பின்னால் ஐந்தடி தள்ளி ஒரு ஸ்டூலை வைத்து அதன் மேல் ஒரு குடத்தை வைக்கச் சொன்னேன். மொத்தம் மூன்றடி உயரம், ஒரு நான்கு வயதுப் பிள்ளையின் உயரத்துக்குச் சற்றுக் குறைவு. இடது கண்ணாடி, வலது கண்ணாடி, உள்கண்ணாடி மூன்றிலும் பார்த்தேன். குடம் தெரியவில்லை. "எனக்கும் தெரியாதுங்க அண்ணா. அதனாலதான் பின்னால ஆள் இல்லாம நான் ரிவர்ஸ் எடுக்கிறதே இல்ல" என்றார் அந்த ஓட்டுநர். அவர் வண்டியில் என் பேத்தியை நம்பி அனுப்புவேன்.

சட்டத்துக்குக் குறைவில்லை. 1997 நவம்பரில் டெல்லியில் ஒரு பள்ளிப் பேருந்து யமுனையில் விழுந்து 28 பிள்ளைகள் இறந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் உச்ச நீதிமன்றம் பள்ளிப் பேருந்துகளுக்கு நெறிமுறைகள் வகுத்தது. ஓட்டுநரைத் தவிர இன்னொருவர் பேருந்தில் இருக்க வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று. 2012 ஜூலையில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில், பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி சாலையில் விழுந்து இறந்தாள். அதன் பிறகு தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கென்றே தனி விதிகள் வந்தன. வளசரவாக்கத்துக்குப் பிறகு கேமராவும் சென்சாரும் வந்தன. பைக்கில் போகும் ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையிலான குழந்தைக்கு ஹெல்மெட்டும் ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பட்டையும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது 2023 பிப்ரவரியிலிருந்து நாடு முழுவதற்கும் விதி. அந்தப் பட்டையை எங்கள் சாலையில் நான் இன்னும் பார்க்கவில்லை. ஒவ்வொரு விதிக்கு முன்னாலும் ஒரு பிள்ளையின் பேர் இருக்கிறது என்பது மட்டும் எனக்கு மறப்பதில்லை.

எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாடு என்று நாம் நினைக்கிற ஜப்பானிலும் இது நடந்தது. 2022 செப்டம்பரில் ஷிசுவோகா மாநிலத்து மகினோஹாரா நகரில், மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று மழலையர் பள்ளிப் பேருந்தில் போனது. மற்ற பிள்ளைகள் இறங்கினார்கள், இவள் இறங்கவில்லை. யாரும் கடைசி இருக்கை வரை போய்ப் பார்க்கவில்லை. வருகைப் பதிவில் அவள் வந்ததாக இருந்தது. வகுப்பில் அவள் இல்லை என்று ஆசிரியருக்குத் தெரிந்தது. வீட்டுக்கு போன் செய்யவில்லை. மூடிய பேருந்தில் ஐந்து மணி நேரம். கண்டெடுத்தபோது அவளுடைய தண்ணீர் பாட்டில் காலியாக இருந்தது. அதே மாதம் கத்தாரிலும் ஓர் இந்தியக் குழந்தை பள்ளிப் பேருந்தில் இதே போல் உயிரிழந்தது. நான்கு வயது.

மகினோஹாராவில் ஓட்டுநர், உடன் போனவர், ஆசிரியர் என்று மூவர் இருந்தும், ஒருவர் பார்த்திருப்பார் என்று இன்னொருவர் நம்பினார். கையில் இருந்த பிள்ளை யார் கையிலும் இல்லாமல் போனது அந்த நம்பிக்கையில்தான். 2023 ஏப்ரல் முதல் ஜப்பானில் மழலையர் பேருந்துகளில் ஒரு கருவி கட்டாயம். அதில் ஒரு வகை, என்ஜினை அணைத்ததும் அலறத் தொடங்கும். நிறுத்தும் பொத்தான் பேருந்தின் கடைக்கோடியில் இருக்கும். ஓட்டுநர் எழுந்து ஒவ்வொரு இருக்கையாகத் தாண்டி நடந்து போய்த்தான் அதை அழுத்த வேண்டும். அந்தக் கருவிக்குக் குழந்தையைக் காக்கத் தெரியாது. ஒரு மனிதரைக் கடைசி இருக்கை வரை நடக்கவைக்க மட்டும் தெரியும். அது போதுமாக இருக்கிறது.

நாமோ பிள்ளைக்குப் புத்தி சொல்கிறோம். பார்த்துப் போ, ஓரமாப் போ, வண்டி வந்தா நில்லு. ஸ்வீடனில் ஸ்டினா சாண்டெல்ஸ் என்ற உளவியலாளர், சாலையில் சின்னப் பிள்ளைகள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தார். வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் சேர்த்துக் கணிக்க அந்த வயதுக்கு இயலாது. பிள்ளைகளைப் போக்குவரத்துக்குப் பழக்கிவிட முடியாது, போக்குவரத்தைத்தான் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. இத்தாலியின் போல்சானோ நகரம் பள்ளிக்கு முன்னால் இருக்கும் தெருவைப் பிள்ளைகள் வரும் நேரத்தில் மட்டும் வண்டிகளுக்கு மூடியது. பெரிய செலவில்லாத காரியம். எங்கள் ஊரில் கோயில் தேர் வந்தால் சாலையில் வண்டி நிற்கிறது. பிள்ளைகள் வரும் அரை மணிக்கு நிற்காதா?

"பார்த்துப் போ" என்று மூன்று வயதுப் பிள்ளையிடம் சொல்லும்போது, நாம் பார்க்க வேண்டியதைப் பிள்ளையின் கண்ணில் ஏற்றிவிடுகிறோம் என்பதை நான் அந்தக் கடை மேசைக்கு முன்னால் நின்றபோதுதான் உணர்ந்தேன். நம் வீடுகளில் இருபத்தைந்து வயதுப் பெண்ணைக் கல்யாணத்தில் கையைப் பிடித்துத்தான் கொடுக்கிறோம். ஊரைக் கூட்டி, சாட்சி வைத்து, அழுதுகொண்டே கொடுக்கிறோம். தனியாக நடக்கத் தெரிந்த பெண் அவள். சாலையில் தனியாக நடக்கத் தெரியாத வயதில், ஒவ்வொரு நாள் காலையும், கை பிடித்துக் கொடுக்கப்பட வேண்டியவள் இந்தச் சின்னப் பிள்ளை. கேட், கேமரா, பெல்ட் எல்லாம் வேண்டும். வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் குழந்தையைக் காப்பது, ஒரு கை பிடித்த பிறகே மறு கை விடுவது. அந்த ஆயாவுக்கு இது தெரிந்திருந்தது. படித்த எனக்கு அறுபது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

இப்போது வண்டியைக் கேட்டுக்கு ஐம்பதடி தள்ளி, ஒரு புளியமரத்தடியில் நிறுத்திவிடுகிறேன். அணைத்துவிட்டு இறங்குகிறேன். கேட்டில் நிற்கும் பள்ளிக்கூடத்து அம்மாவிடம், "இந்தாம்மா, பிடிச்சுக்கோங்க" என்கிறேன். அவர் பிடித்ததும் பேத்தி என் கையை விடுகிறாள். முதலில் சிரித்தார்கள். இப்போது மரத்தடியில் என் வண்டியோடு இன்னும் நான்கு வண்டிகள் நிற்கின்றன.

உங்கள் வீட்டிலும் நாளைக் காலை ஒரு பிள்ளையைக் கொண்டுபோய் விட வேண்டியிருக்கும். வண்டியை அணையுங்கள். இறங்குங்கள். பிள்ளையின் கையைப் பிடித்து நடந்துபோய், இன்னொரு கை அதைப் பிடிக்கும் வரை நில்லுங்கள். பள்ளி நடத்துகிறவர்களே, ஒன்பதேகாலுக்கு ஒரு பிள்ளை வகுப்பில் இல்லையென்றால், ஒன்பது இருபதுக்குள் அந்த வீட்டுக்கு ஒரு போன் செய்யுங்கள்.