மார்பைத் திறந்தாலும் எட்டாத வலி

பைபாஸ் செய்துகொண்டால் வாழ்க்கை மேம்படுமா என்று கேட்டால், மருத்துவம் பெரும்பாலும் ஆமென்றே சொல்கிறது. நான்கு படி ஏறினாலே மார்பைப் பிசைந்த வலி பலருக்கு நின்றுவிடுகிறது. காலிலிருந்து எடுத்த சிரையும் மார்புச் சுவரின் தமனியும் அடைப்பைத் தாண்டி ரத்தத்தைக் கொண்டுசேர்க்கின்றன. ஆனால் வலி போவதும் துன்பம் தீர்வதும் ஒன்றல்ல. உடல் நோவை முதல் அம்பென்றும், அதையெண்ணி மனம் படும் வேதனையை இரண்டாவது அம்பென்றும் புத்தர் பிரித்துக் காட்டினார். அறுவை மருத்துவரின் கைக்கு எட்டுவது முதல் அம்பு மட்டுமே என்பது என் கருத்து.

2020இல் வெளியான இஸ்கீமியா ஆய்வு இதற்கு வலுவான சான்று. நிலையான இதயநோய் உள்ள 5,179 பேரில் ஒரு பாதிக்கு மருந்தோடு, பொருத்தமானால் ஸ்டென்ட் அல்லது பைபாஸ். மறுபாதிக்கு முதலில் மருந்து மட்டும். அடிக்கடி நெஞ்சுவலி வந்தவர்களின் அன்றாட வாழ்வு முதல் வகைச் சிகிச்சையில் தெளிவாக மேம்பட்டது. வலியே இல்லாதிருந்தவர்களுக்கோ பெரிய வேறுபாடு தெரியவில்லை. இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: பைபாஸுக்குப் பின் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு மனச்சோர்வு காணப்படுகிறது. கம்பியால் இறுக்கிய மார்பெலும்பு கூடிவர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதுவரை இருமல் வந்தால் தலையணையை மார்போடு அணைத்துக்கொள்ளச் சொல்வார்கள். எலும்பு கூடிவிடும். மறுபடி வலி வந்துவிடுமோ என்ற நினைப்பு அத்தனை சீக்கிரம் ஆறுவதில்லை.

உயிர்காக்கும் சிகிச்சையைத் தத்துவம் பேசிச் சிறுமைப்படுத்தலாமா என்று கேட்கலாம். இடது பிரதான தமனியில் கடும் அடைப்பு உள்ளவருக்கு பைபாஸ் ஆயுளையே நீட்டுகிறது. அத்தகையோரை அந்த ஆய்வு சேர்க்கவில்லை. மருத்துவர் சொன்னால் அவர்கள் தள்ளிப்போடக் கூடாது. இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: இரண்டாவது அம்பு மனத்தினுடையது என்றால் பழி நோயாளி தலையில் விழாதா? விழக் கூடாது. அம்பு தைத்தவரைக் குறைசொல்ல அல்ல, அதையும் தவிர்க்க முடியும் என்று காட்டவே புத்தர் அதைச் சொன்னார். மனச்சோர்வுக்குச் சிகிச்சை இருக்கிறது, இதய மறுவாழ்வுப் பயிற்சி இருக்கிறது. மரணத்தைப் பற்றி மனம்விட்டுப் பேச ஓர் ஆளும் வேண்டும். நம் வீடுகளிலோ, "ஆபரேஷன்தான் நல்லபடியா முடிஞ்சிடுச்சே, இன்னும் என்ன கவலை?" என்று வாயை அடைத்துவிடுகிறோம். டிஸ்சார்ஜ் ஆகி வந்தவரிடம் மாத்திரை போட்டாச்சா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள்; பயமாக இருக்கிறதா என்றும் கேளுங்கள்.