குறியும் குற்றமும்

விளையாட்டைப் பற்றி எழுதுவது நம் போன்றோர்க்கு அழகா என்று சிலர் நகைக்கக்கூடும். ஆயினும், இன்று பிள்ளைகள் நம்மிடம் பாடம் கேட்கும் நேரத்தினும் விளையாட்டிடம் பாடம் கேட்கும் நேரமே மிகுதி. அந்த ஆசான் எதைப் போதிக்கின்றான் என்று விசாரிப்பது பெற்றோர்க்கும் உஸ்தாதுகளுக்கும் கடமையன்றோ?

சென்ற பெருநாளுக்கு இரணியலில் உள்ள நம் இல்லத்திற்குத் தங்கை மகன் வந்திருந்தான். கணினிப் பொறியியல் பயில்பவன். தோழர் நால்வரோடு சேர்ந்து, துப்பாக்கி கொண்டு ஆடும் வீடியோ விளையாட்டு ஒன்றைத் தாங்களே உருவாக்கி வருவதாகக் கூறினான். மஃரிபு தொழுதபின் திண்ணையில் வந்தமர்ந்து, "மாமா, எந்தெந்த மோடு வைக்கணும்னு எங்களுக்குள்ள ஒரே தர்க்கம். நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்" என்றான்.

மோடு என்பது ஆட்டமுறை. களமும் துப்பாக்கியும் ஒன்றே. எதைச் செய்தால் வெற்றி என்னும் விதி மட்டும் முறைக்கு முறை மாறும். இரு அணியாய்ப் பிரிந்து எதிரணியினரை மிகுதியாக வீழ்த்துவது ஒரு முறை. ஓரிடத்தைக் காத்து நிற்பது மற்றொன்று. நூறு பேர் ஒரு தீவில் இறங்கி இறுதிவரை எஞ்சுபவர் வெல்வது இன்னொன்று. பிணையாளியை மீட்பதும் உண்டு. ஐந்தாவதாக அவன் சொன்னதுதான் தர்க்கத்திற்குக் காரணம்: சந்தைக் கூட்டத்தில் புகுந்து, கையில் ஆயுதமற்றோரைச் சுட்டு எண்ணிக்கை சேர்ப்பது.

"இது வேண்டாம், மக்களே" என்றோம். "படத்தைத்தானே சுடுறோம் மாமா? யாரும் சாகலையே" என்றான் அவன்.

அக்கேள்வி நம்மைத் தைத்தது. ஏனெனில் 2020 ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. அவ்வாண்டு ஜூனில் பப்ஜி விளையாட்டில் கானகம் சார்ந்த புதியதோர் ஆட்டமுறை வந்தது. அதில் ஆடுபவனின் உருவம் ஒரு சிலைத்தூணின் முன் மண்டியிட்டால் அதற்குச் சில பலன்கள் கிட்டும். வளைகுடா நாட்டு முஸ்லிம்கள் கண்டித்தனர்; நிறுவனத்தார் வருத்தம் தெரிவித்து அதனை நீக்கினர். நாமும் அன்று மதரஸாப் பிள்ளைகளைக் கூட்டி அதுபற்றிக் கடுமையாக எச்சரித்தோம். ஆனால் அதே விளையாட்டின் ஏனைய முறைகளைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னோமில்லை!

திரையில் நிகழ்வது வெறும் படமெனில், அந்த மண்டியிடுதலும் படம்தானே? அதைக் கண்டு ஏன் பதறினோம்? படமேயாயினும் அதற்கொரு பொருள் உண்டெனில், ஆயுதமற்றவனைச் சுடும் படத்தைக் கண்டு ஏன் வாளாவிருந்தோம்? இரண்டில் ஒன்று பிழை. அப்பிழை நம்முடையதே.

ஆராய்ந்தால் விடை தெளிவாகும். பொம்மை மண்டியிட்டதால் பிள்ளையின் ஈமான் போய்விடாது. பொம்மை சுட்டதால் பிள்ளை கொலையாளி ஆகிவிடவும் மாட்டான். குற்றம் அங்கில்லை. "இதனைச் செய், உனக்குப் பலன் உண்டு" என்று விளையாட்டைச் செய்தவன் விதித்தானே, அந்த விதியில்தான் குற்றம் இருக்கிறது. ஆடுபவன் ஒருமுறை செய்வதை ஆயிரம் முறை செய்யத் தூண்டுவது அதுவே.

இக்கருத்து நம் மரபுக்குப் புதிதன்று. அம்பெய்து போட்டியிட்ட ஒரு கூட்டத்தாரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஊக்குவித்து, ஓர் அணியோடு தாம் இருப்பதாகக் கூறினார்கள். உடனே மறு அணியினர் கையை நிறுத்திக்கொண்டனர். "உங்கள் அனைவரோடும் நான் இருக்கிறேன்" என்ற கருத்தில் மொழிந்து ஆட்டத்தைத் தொடரச் செய்தார்கள். குறி பார்ப்பதும் அணி பிரிவதும் வெறுக்கப்படவில்லை. பிற்காலத்தில் இப்னு உமர் (ரலி) அவர்கள், இளைஞர் சிலர் பறவை ஒன்றைக் கட்டிவைத்து அம்பெய்வதைக் கண்டார்கள். குறி தவறிய அம்பெல்லாம் பறவைக்கு உரியவனுக்கு என்பது அவர்கள் ஏற்படுத்திக்கொண்ட விதி. உயிருள்ளதைக் குறியாக்குபவனை நபியவர்கள் சபித்ததை எடுத்துரைத்து இப்னு உமர் (ரலி) கண்டித்தார்கள். அம்பும் வில்லும் அவையே. எதனைக் குறியாக வைத்தார்கள் என்பதே ஒன்றை ஆகுமானதாகவும் மற்றொன்றைப் பாவமாகவும் ஆக்கிற்று.

அங்கே துடித்தது உண்மைப் பறவை. திரையில் இருப்பது நிழல். இவ்வேற்றுமையை நாம் மறைக்கவில்லை. ஆகவே ஹராம் என்று தீர்ப்பு எழுத முற்படவில்லை. உருவாக்குபவனின் பொறுப்பையே பேசுகிறோம்.

அப்பொறுப்பை நிறைவேற்ற இயலும் என்பதற்குச் சான்றுண்டு. 2009 இல் வெளிவந்த கால் ஆஃப் டியூட்டி வரிசை விளையாட்டொன்றில், விமான நிலையத்தில் பொதுமக்களைப் பயங்கரவாதிகள் சுடும் கட்டம் இருந்தது. ஆடுபவனும் அவர்களோடு நடப்பான். ஜப்பானிலும் ஜெர்மனியிலும் வெளியான பதிப்புகளில், அம்மக்களை ஆடுபவன் கொன்றால் ஆட்டம் தோல்வியில் முடியுமாறு மாற்றினார்கள். காட்சி அதுவே, விதி வேறு!

நம் நாட்டில் நடந்ததோ வேறு. தரவுப் பாதுகாப்பையும் நாட்டின் இறையாண்மையையும் காரணம் காட்டி 2020 செப்டம்பரில் பப்ஜி தடைசெய்யப்பட்டது. 2021 இல் அது புதுப்பெயரோடு திரும்பியபோது குருதி பச்சை நிறமாய் வந்தது. குருதியின் நிறத்தை மாற்றினார்கள். எதற்குப் பரிசு என்பதை மாற்றவில்லை.

இவற்றையெல்லாம் கேட்டிருந்த மருமகன், "அப்போ மத்த நாலும் உங்களுக்குச் சம்மதமா மாமா?" என்றான். சற்றுத் தயங்கினோம். வீழ்ந்த தோழனைத் தன் உயிரைப் பணயம் வைத்துத் தூக்கிவிடும் வசதி அவற்றில் உண்டு என்று அவனே முன்பு சொல்லியிருந்தான். "தூக்கிவிடுவதற்கு எத்தனைப் புள்ளி?" என்று கேட்டோம். "ஒண்ணுமில்லை" என்றான். "வீழ்த்துவதற்கு?" என்றோம். அவன் தலை கவிழ்ந்தான். இதற்குள் இஷாவுக்குப் பாங்கு ஒலித்தது.

ஒரு திங்களுக்குப் பின் தொலைபேசியில் அழைத்தான். சந்தைக் கூட்டம் இருக்கிறதாம். ஆனால் ஆயுதமற்றவன் மீது குண்டு பட்டால் ஆட்டம் தோல்வியாம். தோழனைத் தூக்கிவிட்டால் புள்ளியும் உண்டாம். இதற்கு இசையாத நண்பர் ஒருவர் விலகிக்கொண்டதால் வேலை தாமதப்படும் என்றும் சொன்னான். அந்த இழப்பைப் பொறுத்துக்கொண்ட பிள்ளைக்காக துஆச் செய்தோம்.

பெற்றோரே! பிள்ளையின் கையிலிருந்து செல்பேசியைப் பறிக்குமுன் அருகில் அமர்ந்து, "இதில் எதைச் செய்தால் வெற்றி?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அவன் தரும் விடையைக் கொண்டு நீங்கள் தீர்ப்புச் செய்யலாம்.