பிறர் பொருளில் தன் பெயர்

ஒருவருடைய பொருளின்மீது மற்றொருவர் தம் பெயரை எழுதிவிட்டுச் செல்லலாமா? இவ்வாறு தனியே வைத்துக் கேட்டால், கூடாதென்று சிறு பிள்ளையும் விடை சொல்லும். ஆயினும் நம் வீட்டிலுள்ள ஏர்கான் பெட்டியையும், குளியலறையிலுள்ள வெந்நீர்க் கருவியையும், வாசலண்டையுள்ள மெயின் சுவிட்சுப் பெட்டியையும் ஒருமுறை உற்று நோக்குவோமாயின், அவற்றில் நம் பெயர் யாண்டும் இல்லை. பொருத்தியவர், பழுது பார்த்தவர், சென்ற ஆண்டு வந்து கழுவிப் போனவர் ஆகியோரின் பெயர்களே இருக்கின்றன. பொருளை விலை கொடுத்து வாங்கியவர் நாம். வேலைக்குக் கூலியும் கொடுத்தோம். அதன் பின்னர், ஏணியை மடித்துக்கொண்டு புறப்படும் வேளையில், சட்டைப் பையிலிருந்து வண்ணச் சீட்டொன்றை எடுத்து உரித்து, நம்மை ஒரு வார்த்தை கேளாமலே பெட்டியின் முகத்தில் ஒட்டிவிட்டுப் போகிறார் வேலைக்கு வந்தவர். கோலாலம்பூர் அடுக்குமாடியிலும் இதுவே வழக்கம்; சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டிலும் இதுவே.

இதுவும் ஒரு விஷயமா, விரல் நீளச் சீட்டுக்கு ஒரு வியாசமா என்று நகைப்போர் இருக்கலாம். சீட்டு சிறிதுதான். அதிலுள்ள கேள்வி சிறிதன்று. பெயரென்பது வாணிகனின் விளம்பரமா, அன்றி வேலை செய்தவனின் ஜாமீனா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

வீட்டுக்காரர் சொல்லும் குறையை முதலிற் கேட்போம். கடைக்காரர் ஒருவர் தம் கடை வாசலில் பெயர்ப்பலகை மாட்டுவதற்கே நகராண்மைக்கு உரிமம் பெற்றுக் கட்டணம் செலுத்துகிறார். நம் வீட்டுச் சுவரிலோ, கட்டணமுமின்றி அனுமதியுமின்றி, பத்தாண்டுக்கு அவர் பெயர் தொங்குகிறது. வருவோர் போவோரெல்லாம் அதைப் படிக்கிறார்கள். பிடுங்கினால் பாதி கிழிகிறது. மீதிப் பசை அழுக்கை வாங்கிக்கொண்டு கறுத்துப் போகிறது. தையற்காரரும் சட்டையில் பெயர் தைக்கிறாரே என்பாருளர். அவர் தைப்பது பிடரியின் உட்புறத்தில். அதுவும் சட்டை நம் கைக்கு வருமுன்னர். நாம் உடுத்தி நடக்கும்போது ஓடிவந்து முதுகில் ஒட்டுபவரல்லர். ஆகவே வீட்டுக்காரர் பக்கம் நியாயம் இருக்கிறதென்பதை மறுப்பதற்கில்லை.

நிற்க. பெயர் பொறிக்கும் வழக்கம் உலகில் எதன்பொருட்டு எழுந்ததென்று பார்ப்போமாயின், கதை வேறுவிதமாக இருக்கிறது. சீன நாட்டு நான்கிங் நகரத்தின் பெருமதில் 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மிங் வமிசத்தின் முதல் மன்னர் காலத்தில் எழுப்பப்பட்டது. அதன் செங்கற்களிற் பல இன்றும் எழுத்துத் தாங்கி நிற்கின்றன. எந்த மாவட்டத்துக் கல், அதை மேற்பார்த்த அதிகாரி யார், சூளை வைத்தவன் யார், கல் அறுத்தவன் யார் என்று பெயர் பெயராக அவற்றிற் காணலாம். அதற்கு ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இவ்வழக்கம் அந்நாட்டில் இருந்தது. 1974-ஆம் ஆண்டில் சீயான் நகரத்தருகே கிணறு தோண்டிய குடியானவர்கள் கண்டெடுத்த சுடுமண் படைவீரர் உருவங்களிற் சிலவற்றிலும், வேலைத்தலைவர்களின் பெயர்கள் முத்திரையாகக் குத்தப்பட்டிருக்கின்றன. ஆங்கில நாட்டிலோ, ஒவ்வொரு பொற்கொல்லரும் தம் சொந்த முத்திரையைப் பொருளிற் குத்தவேண்டுமென்று 1363-ஆம் ஆண்டில் சட்டம் பிறந்தது. செய்தவனை மட்டும் பிடித்தாற் போதாது, மாற்றுப் பார்த்தவனையும் பிடிக்க வேண்டும் என்று கருதி, 1478-ஆம் ஆண்டு முதல் லண்டனில் ஆண்டுக்கோர் எழுத்தும் சேர்த்துக் குத்தினார்கள். அவ்வெழுத்தைக் கண்டால் அப்பொருள் எந்த ஆண்டிற் சோதிக்கப்பட்டது, அப்போது சோதனைக்குப் பொறுப்பானவர் யார் என்பது வெளியாகிவிடும்.

இவர்களுள் எவரும் புகழை நாடிப் பெயர் பொறித்தவரல்லர். கல் உதிர்ந்தால் எவனைக் கொண்டுவருவது, வெள்ளியிற் செம்பு மிகுந்தால் எவனிடம் கேட்பது என்பதற்காக ஆள்வோர் அவர்களைப் பொறிக்கச் செய்தனர். பெயர் அன்று வேலைக்காரன் கழுத்திற் கட்டிய கயிறு. அக்கயிற்றின் மறுமுனை பொருளை வாங்கியவன் கையிலோ, அரசன் கையிலோ இருந்தது. இன்று நம் வீட்டுப் பெட்டியில் ஒட்டும் சீட்டை எவரும் கட்டாயப்படுத்தவில்லை. ஒட்டுகிறவர் தாமே விரும்பி ஒட்டுகிறார். இக்காரணத்தால் அதை வெறும் விளம்பரமென்று தள்ளிவிடலாமா என்றால், யாம் அதற்கும் உடன்படோம்.

கைக்கடியாரம் பழுது பார்ப்போரிடம் ஒரு பழைய வழக்கமுண்டு. கடியாரத்தின் முதுகு மூடியைத் திறந்து வேலையை முடித்தபின், அம்மூடியின் உட்புறத்தில் ஊசி முனையாற் கீறி, தேதியையும் தம் அடையாளத்தையும் பொடி எழுத்தில் எழுதிவைப்பார்கள். உடையவர் கண்ணில் அது படுவதேயில்லை. ஐந்தாறு ஆண்டு கழித்து மற்றோர் ஊரில் மற்றொருவர் அம்மூடியைத் திறக்கும்போதுதான் அது பேசும். இன்ன ஆண்டில் ஒருவர் இதைக் கழற்றியிருக்கிறார் என்பதை அறிந்து அவர் தம் வேலையைத் தொடங்குவார். பழைய கடியாரங்களிற் சிலவற்றில் இவ்வாறு ஐந்து, ஆறு கீறல்கள் ஒன்றன்கீழொன்றாக இருக்கும். முகமறியாத தொழிலாளி மற்றொரு முகமறியாத தொழிலாளிக்கு எழுதிய கடிதங்கள் அவை. ஒரு வெள்ளி இலாபமும் அவற்றால் இல்லை.

அக்கீறலையும் நம் சுவரிலுள்ள வண்ணச் சீட்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். "இருபத்துநான்கு மணி நேரமும் அழைக்கலாம்" என்று பெரிய எழுத்தும், தொலைபேசி எண்ணும், சிரிக்கும் பனிக்கரடியின் படமும் மட்டும் இருக்குமாயின் அஃது விளம்பரமே. அதற்கு நம் பொருளில் இடம் கேட்க உரிமையில்லை. தெருவிலுள்ள மின்கம்பங்களிற் கடன் தருவோர் ஒட்டும் சீட்டுக்கும் அதற்கும் வேற்றுமை சிறிதே. தேதி, செய்த வேலை, ஊற்றிய வாயுவின் பெயரும் எடையும், மாற்றிய உறுப்பு ஆகியன எழுதப்பட்டிருக்குமாயின், அது சாட்சி. அத்தகைய சீட்டை ஒட்டுகிறவர் நம்மிடம் உரிமை கோரவில்லை, தம்மைப் பிணைத்துக்கொள்கிறார். ஒரே அளவுக் காகிதந்தான், ஒரே பசைதான்; ஆயினும் ஒன்று நம்மிடமிருந்து எடுத்துக்கொள்கிறது, மற்றது நமக்குக் கொடுக்கிறது.

இங்கே ஒரு பெருந்தீங்கைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. ஏர்கான் பெட்டியைச் செய்த ஆலை, அதன் பக்கத்தில் ஒரு விவரத் தகட்டைப் பொருத்தி அனுப்புகிறது. அதில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், எந்த வாயு, எத்தனை கிராம் என்பதெல்லாம் இருக்கும். பழைய பெட்டிகளில் ஆர்-22 என்னும் வாயு. புதியவற்றிற் பெரும்பாலும் ஆர்-32. பின்னதற்குச் சிறிது தீப்பற்றும் இயல்புண்டு. அழுத்தமும் முன்னதைக் காட்டிலும் மிகுதி. ஒன்றிருக்க வேண்டிய இடத்தில் மற்றதை ஏற்றினால் யந்திரம் கெடுவதோடு ஆளுக்கும் ஆபத்து நேரலாம். தகடு வழவழப்பாகவும் சமமாகவும் இருப்பதனால் சீட்டு அதில் நன்றாகப் பிடிக்கும் என்று, அதன் மேலேயே ஒட்டிச் செல்வோர் இருக்கின்றனர். அடுத்து வருகிறவர் எதைப் படித்து வேலை செய்வது? தம் பெயர் தெரிவதற்காக யந்திரத்தின் வாயை மூடிவிடுகிறார்கள் இவர்கள். முன்னவரின் தேதிச் சீட்டை மறைத்து அதன்மேல் தம் சீட்டை ஒட்டுவோரும் இந்த இனத்தவரே. பிறர் செய்த வேலையைத் தாம் செய்ததாகக் காட்டுவதும், பிறர் செய்த பிழையின் அடையாளத்தை அழிப்பதும் ஒரே செய்கையில் நடந்துவிடுகின்றன.

இனி, இவற்றினும் ஆழமான கேள்வியொன்று உண்டு. சீட்டிலிருப்பது யாருடைய பெயர்? ஏணியில் ஏறியவர் பெயரா? ஒருகாலும் இல்லை. கம்பெனியின் பெயர், அல்லது முதலாளியின் பெயர். வெயிலில் பன்னிரண்டாவது மாடியின் வெளிச்சுவரில் தொங்கி இரும்புத் தாங்கியை முடுக்கியவர் வங்காளத்திலிருந்தோ, நம் தமிழ்நாட்டிலிருந்தோ வந்த இளைஞராக இருக்கலாம். அவர் பெயரை நாமும் கேட்பதில்லை. தண்ணீர் ஒழுகினால் மட்டும், "போன மாதம் வந்தானே ஒருத்தன்" என்று அவர் நினைவுக்கு வருகிறார். நற்பெயர் முதலாளிக்கு, குற்றம் பெயரற்ற ஒருவனுக்கு என்பதாகப் பங்கீடு நடந்துவிடுகிறது.

நம்மவர்க்கு இஃது புதிதன்று. மலாயாவிலிருந்து கப்பலேறிய ரப்பர்ப் பொதிகளின்மேல் தோட்டத்தின் குறி மையினாற் பதிக்கப்பட்டது. இருளோடு எழுந்து, கொசுக்கடியில், மரத்துக்கு மரம் குனிந்து பால் வெட்டியவரின் பெயர் கிராணியாரின் செக்ரோல் புத்தகத்தோடு நின்றுவிட்டது. தாய்நாட்டிலும் அப்படியே. தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுகளில், விளக்குக்கு ஆடு கொடுத்தவர் முதற்கொண்டு எத்தனையோ பெயர்கள் உள. குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் என்று தலைமைச் சிற்பியின் பெயரும் ஒருவாறு இடம் பெற்றிருக்கிறது. அம்மலையைப் பிளந்தவர், அக்கல்லை இழுத்தவர் எங்கே? நம் கோயில்களில் குழல்விளக்கின் கண்ணாடியின்மேலேயே "உபயம்: இன்னார்" என்று வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு எழுதுகிறார்கள், அவ்விளக்கை மாட்டிய ஒயர்மேனின் பெயரை எழுதினவர் உண்டா? கொடுத்தவன் பெயருக்குப் பழகிய நம் கண், செய்தவன் பெயரைத் தேடுவதேயில்லை. நான்கிங் மதிலிலாவது, தண்டிக்கும் எண்ணத்தோடேனும், கல் அறுத்தவனை மனிதனென்று மதித்துப் பெயர் கேட்டனர்.

வேலையாள் பெயரைச் சீட்டில் எழுதாததற்கு முதலாளிமார் கூறும் காரணம், ஆட்கள் அடிக்கடி மாறுகிறார்கள் என்பது. உண்மைக் காரணம் அதுவன்று. பெயர் தெரிந்தால் வாடிக்கைக்காரர் அடுத்த முறை அவரையே நேரில் அழைத்துவிடுவார் என்னும் அச்சமே காரணம். இவ்வச்சத்தை முற்றும் பழிப்பதற்கில்லை. வண்டி, கருவி, உரிமம் எல்லாம் முதலாளி போட்டவை. ஆனால் ஒரு மனிதனின் கைத்திறமையை அவனுடையதென்று வெளியே தெரியாமல் வைத்துக்கொள்வதனால் வரும் இலாபம் எத்தகைய இலாபம்?

மறுபுறத்தில், தொழிலாளியின் பெயரை மட்டும் எழுதிவிட்டுக் கம்பெனி ஒதுங்கிக்கொள்ளுமாயின், அது அவரைப் பலியிடுவதாகும். வெந்நீர்க் கருவியிற் கசிந்த மின்சாரத்தால் ஒருவர் உயிர் போனால், மாதச் சம்பளக்காரன் ஒருவனைக் காட்டிவிட்டு உடையவர் தப்பித்துக்கொள்ள அது வழியாகும். ஆகையால் இரு பெயரும் வேண்டும்: வேலைக்கு ஆள் அனுப்பியவர் பெயரும், வேலை செய்தவர் பெயரும். சிங்கப்பூரில் 2016-ஆம் ஆண்டு முதல் மின்தூக்கிகளுக்கு இயக்க அனுமதி பெற்று, அச்சீட்டை ஏறுவோர் காணும்படி வைக்க வேண்டுமென்பது விதி. பல மாடி ஏறும் தூக்கிக்கு இது தேவையென்று கண்ட அறிவு, மூன்று பிள்ளைகள் குளிக்கும் அறையிலுள்ள கருவிக்கும் செல்லுமன்றோ?

சீட்டைப் பிடுங்கும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டா என்பது எஞ்சிய கேள்வி. விளம்பரமாயின் தாராளமாகப் பிடுங்கலாம். வெந்நீரும் சிறிது எண்ணெயுமிருந்தால் பசையும் போய்விடும். சாட்சியாயின், பொருள் தம்முடையதாயினும், பிடுங்குவது முறையன்று என்றே எமக்குத் தோன்றுகிறது. என்னை? வீடு கை மாறும். வாடகைக்குக் குடிவருவோர் மாறுவர். பெட்டி சுவரிலேயே இருக்கும். சென்ற முறை எவர் எதை மாற்றினார் என்பது, நாளை அதன்கீழ்த் தூங்கப்போகும் குழந்தைக்கும், அதைத் திறக்கப்போகும் ஒயர்மேனுக்கும் உரிய செய்தி. நமக்கு அது அழகைக் கெடுப்பதாகத் தோன்றினால், முகத்தில் ஒட்டாமல் மூடியின் உட்புறத்தில் ஒட்டும்படி வேலைக்கு வந்தவரிடம் முன்கூட்டியே சொல்லலாம். "தம்பி, உங்கள் பெயர் என்ன? தேதியோடு அதையும் உள்ளே எழுதிவிடுங்கள்" என்று கேட்டால், பெரும்பாலோர் ஒரு கணம் திகைப்பார்கள், ஏதோ புகார் செய்யப் போகிறோமென்று எண்ணுவார்கள். கேட்டதன் காரணத்தையும் சொல்லிவிடுவது நல்லது. கம்பெனிச் சீட்டில் அதற்கென்று கோடு இராது. ஓரத்திலுள்ள வெற்றிடத்திலேதான் எழுத வேண்டியிருக்கும்.