தலைவார மூன்று நிமிடம்

ஜேர்மனியில் 1995 ஆம் ஆண்டு பராமரிப்புக் காப்புறுதி நடைமுறைக்கு வந்தது. முதுமையாலோ நோயாலோ தளர்ந்தவருக்கு எவ்வளவு உதவி தேவை என்பதை நிமிடக் கணக்கில் மதிப்பிட்டார்கள். முழு உடம்பையும் கழுவ 20 முதல் 25 நிமிடம். பல் துலக்க 5 நிமிடம். தலைவார 1 முதல் 3 நிமிடம். 2017 இல்தான் இந்தக் கணக்கைக் கைவிட்டார்கள்.

முதியோர் இல்லமொன்றில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பயிற்சியின்போது இந்த அட்டவணையைக் காட்டினார்கள். 'அன்பை மணிக்கூடு வைத்து அளக்கிற சனங்கள்' என்று நண்பர்களிடம் சொல்லித் திரிந்தேன். பெற்றோரை இல்லத்தில் விடுகிற வெள்ளையரைப் பற்றி நாங்கள் கூடியிருந்து பேசுகிற பேச்சு உங்களுக்கும் தெரியும்.

அங்கே ஒரு மூதாட்டி இருந்தார். 1945 இல் சிலேசியாவிலிருந்து தாயின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவர். அவரும் எங்களைப்போல ஊரிழந்தவர்தான். தலைவாரும்போது சீப்பு காதுக்குப் பின்னால் போனால் துடித்துப்போவார். அங்கே ஒரு பழைய தழும்பு. எந்தக் கோப்பிலும் அதைப்பற்றி எழுதியிருக்கவில்லை. இரண்டு கிழமை வாரியபிறகுதான் என் கைக்கு அது தெரிந்தது. பிறகு அந்த இடத்தை விரலால் மறைத்துக்கொண்டு வாரினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

அன்றிரவு எனக்குள் ஒரு கேள்வி வந்தது. என் அம்மாவின் தலையில் எங்கே நோகும்?

எனக்குத் தெரியாது. ஊருக்குப் போகமுடியாத ஆண்டுகளில் மாதாமாதம் காசு அனுப்பினேன். அந்தக் காசில் மருந்து வந்தது. வீட்டுக்குக் கூரை வந்தது. அதைச் சிறுமையாகச் சொல்லமாட்டேன். ஆனால் அம்மாவைக் குளிக்கவார்த்து, தலையிழுத்து, நடுச்சாமத்தில் கைத்தாங்கலாக வெளியே கூட்டிப்போனவள் தங்கச்சி. 'பெடியன் வெளியிலயிருந்து தாயைப் பாக்கிறான்' என்று ஊர் என்னைத்தான் புகழ்ந்தது. நானும் அதை நம்பினேன்.

தங்கச்சி எல்லாவற்றையும் முகம் கோணாமல் செய்தாள் என்றில்லை. அலுத்தாள், ஏசினாள், அழுதாள். மறுநாள் காலையில் திரும்பவும் சீப்பை எடுத்தாள். நானோ அந்த மூதாட்டிக்குச் சம்பளத்துக்குத் தலைவாரினேன். அப்படியானால் இரண்டிலும் அன்பு இல்லையா?

மனதில் இருந்தால் போதும் என்பது தூரத்தில் இருக்கிறவர்களின் ஆறுதல். இன்னொருவருக்கு எங்கே நோகும் என்று அறிந்து, அதை மறக்காமல் கைவைப்பதைத்தான் நான் இப்போது அன்பு என்கிறேன். சம்பளம் அதைக் கெடுத்துவிடுவதில்லை. அலுப்பும் கெடுத்துவிடுவதில்லை. அறிந்துகொள்ள நேரமில்லாமல் போவதுதான் கெடுக்கிறது. மூன்று நிமிடத்தைப் பழித்த நான், அந்த மூன்று நிமிடத்தைக்கூட அம்மாவுக்குக் கொடுத்ததில்லை.

அம்மா போய்ச் சில மாதங்களின்பின் தங்கச்சியிடம் தொலைபேசியில் கேட்டேன்.

"அம்மாவுக்குத் தலையிழுக்கேக்க எங்கையடி நோகும்?"

கனநேரம் அவள் பேசவில்லை.

"வலப்பக்க உச்சியில, அண்ணை. மயிரை அடியில பிடிச்சுக்கொண்டுதான் இழுக்கவேணும்."

இவ்வளவு காலமும் நான் அவளிடம் காசு வந்துசேர்ந்ததா என்று மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.