ஐப்பசி மழைக்கு முன் குனிந்து பாருங்கள்

புரட்டாசி பாதி கடந்துவிட்டது. ஐப்பசி பிறந்தால் அடைமழை வந்துவிடும். அதற்கு முன் முடிக்க வேண்டிய கடமை ஒன்று நம் வாசலிலேயே நிற்கிறது. தினமும் அதில் ஏறித்தான் வேலைக்குப் போகிறோம், கோயிலுக்குப் போகிறோம், பிள்ளையைப் பள்ளியில் விடுகிறோம். உறவுகளே, வண்டியின் டயரைச் சொல்கிறேன். கிரெட்டா, பிரெஸ்ஸா, நெக்ஸான், வென்யூ என்று நம் தெருக்களை நிறைத்திருக்கும் காம்பாக்ட் எஸ்யூவிகளின் டயரைச் சொல்கிறேன். வண்டி எவ்வளவு பெரிதானாலும் தரையைத் தொடுவது நான்கே இடத்தில். ஒவ்வோர் இடமும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அகலம். அந்த நான்கு உள்ளங்கைகளின் மேல்தான் நம் தாய் உட்காருகிறாள், நம் பிள்ளை தூங்குகிறது. குனிந்து பாருங்கள். இன்றே குனிந்து பாருங்கள்.

என் குற்றத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துக்கொண்டு உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு உரிமை இல்லை. முதல் செட் டயர் தேய்ந்தபோது, கடையில் கண்ணுக்கு முரடாகத் தெரிந்ததைக் கைகாட்டி வாங்கினேன். கரடுமுரடான பாதைக்கென்று செய்த ஏ.டி. டயர், தரையைத் தொடும் ரப்பர்க் கட்டியான பட்டன் பெரிது, இடைவெளியும் பெரிது. என் வண்டி காட்டுப் பக்கம் போனதே இல்லை. போனதெல்லாம் சென்னைக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே. நல்ல தார்ச்சாலையில் எண்பதைத் தொட்டதும் வண்டிக்குள் மாவு மில் ஓடுவதுபோல் இரைச்சல். பின் இருக்கையில் அம்மா முந்தானையைக் காதோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏசி குளிர் போலும் என்று நினைத்தேன். அடுத்த பொங்கலுக்கு, ‘நான் ரயில்லயே வந்துடறேன்ப்பா’ என்றாள். ஒரு குறையும் சொல்லவில்லை. பெற்றவர்கள் சொல்லமாட்டார்கள். மூன்று வருடம் நான் காரில் போனேன், அவள் ரயிலில் வந்தாள். டயரை மாற்றிய பிறகு ஒருநாள் வற்புறுத்தி ஏற்றிக்கொண்டு வந்தேன். இறங்கும்போது, ‘இன்னிக்கு நீ பேசினதெல்லாம் கேட்டுச்சுப்பா’ என்றாள். அந்த மூன்று வருடம் எனக்கு இனித் திரும்பாது. உங்கள் வீட்டில் அது நேரக்கூடாது என்றுதான் இவ்வளவு பதறுகிறேன்.

டயரின் அமைதியைச் சொகுசு என்று தள்ளாதீர்கள். முன்னால் உட்காருகிறவர் டயரை வாங்குகிறார். பின்னால் உட்காருகிறவர்கள் அதன் இரைச்சலைச் சுமக்கிறார்கள். முன்னால் இருப்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தை எதிர்பார்க்கிறார். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு முதுகெலும்பில் விழுந்த பிறகே பள்ளம் தெரிகிறது. ஐந்து மணி நேரம் ஓயாமல் இரையும் வண்டி ஓட்டுகிறவரையும் களைப்பாக்கும். களைத்த கண் பிரேக்கை ஒரு நொடி தாமதமாகத் தேடும். அமைதியான டயர் குடும்பத்துக்கு நாம் செலுத்த வேண்டிய கடன். கடன் கொடுத்தவர் கேட்கவில்லை என்பதால் கடன் தீர்ந்துவிடாது.

நம் பாவ புண்ணியக் கணக்கை எழுதும் சித்திரகுப்தனுக்குக் காஞ்சிபுரத்தில் கோயில் இருக்கிறது. கையில் ஏடும் எழுத்தாணியும். அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலும் டயர்களும் கார்களும் உருவாகி வெளியே வருகின்றன. டயர் ஒவ்வொன்றும் ஒரு கணக்கேடு. நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால், அளவுக்கு மேல் காற்றடித்தோம் என்று எழுதியிருக்கிறது. இரு ஓரமும் தேய்ந்திருந்தால், காற்றுக் குறைவாகவே ஓட்டினோம் என்று எழுதியிருக்கிறது. ஒரே ஓரம் தேய்ந்திருந்தால், அலைன்மென்ட்டைத் தள்ளிப்போட்டோம் என்று எழுதியிருக்கிறது. அங்கங்கே குழிகுழியாகத் தேய்ந்திருந்தால், ஷாக் அப்சார்பரின் முனகலைக் கேட்காமல் இருந்தோம் என்று எழுதியிருக்கிறது. விரலால் தடவும்போது ரம்பப் பல்போல் இடறினால், டயரை இடம் மாற்றிப் போடாமல் ஆண்டைக் கடத்தினோம் என்று எழுதியிருக்கிறது. நாளடைவில் கூடும் இரைச்சல் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. இதில் எந்த வரியையும் நாம் அழிக்க முடியாது. படிக்கத்தான் முடியும். படித்துத் திருந்தத்தான் முடியும்.

ஆகவே கடைக்கு ஓடுமுன் கணக்கைப் படியுங்கள். இரைவது டயர்தானா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். புதுத் தார் போட்ட சாலையில் சத்தம் அடங்கி, கான்கிரீட்டில் கூடினால் அது டயர். சாலை எதுவானாலும் மாறாமல், வளைவில் இடமோ வலமோ திரும்பும்போது மட்டும் கூடிக் குறைந்தால் அது வீல் பேரிங்காக இருக்கலாம். மெக்கானிக்கிடம் உடனே காட்டுங்கள். அலைன்மென்ட்டும் ஷாக் அப்சார்பரும் கெட்டிருக்க, மேலே புது டயர் போடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது. ஆறு மாதத்தில் அந்த டயரும் இரையும்.

இனித் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்கிறேன். இதில் ஒரு வரிசை இருக்கிறது, அதை மாற்றாதீர்கள். முதலில் ஈரத்தில் பிடிப்பு. அடுத்து அமைதி. அடுத்து மென்மை. அடுத்து உழைப்பு. கடைசியில் விலை. நாம் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு விலையில் தொடங்குகிறோம். அதனால்தான் பிடிப்பைப் பற்றிப் பேசுமுன் பில் போட்டு முடித்துவிடுகிறோம்.

அளவை மாற்றாதீர்கள். கம்பெனி 215/60 ஆர் 17 என்று கொடுத்திருந்தால் அதுவே உங்கள் அளவு. 215 மில்லிமீட்டர் அகலத்தில் 60 சதவீதம், அதாவது 129 மில்லிமீட்டர், டயரின் பக்கச்சுவர். பள்ளத்தின் அடியை முதலில் வாங்கிக்கொள்வது அந்தச் சுவர்தான். அழகுக்காக ஓர் இஞ்ச் பெரிய வீலைப் போட்டு, டயரின் மொத்த உயரத்தை மாற்றாமல் வைத்தால், சுவரில் அரை இஞ்ச் போய்விடும். அந்த அரை இஞ்ச்சை அம்மாவின் முதுகிலிருந்து எடுக்கிறோம். அளவை அடுத்து எழுதியிருக்கும் 96எச் என்றால் ஒரு டயர் 710 கிலோ சுமக்கும், 210 கிலோமீட்டர் வேகம் தாங்கும் என்று பொருள். பழைய டயரில் இருக்கும் எண்ணுக்குக் கீழே ஒருபோதும் இறங்காதீர்கள்.

சாலையில் மட்டும் ஓடும் வண்டிக்குச் சாலை டயர் வாங்குங்கள். பட்டன் ஒவ்வொன்றும் தரையில் அறைகிறது. பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளங்களில் சிக்கிய காற்று நசுங்கி வெடித்து வெளியேறுகிறது. இரண்டும் சேர்ந்ததே இரைச்சல். எல்லாப் பட்டனும் ஒரே அளவில் இருந்தால் சத்தம் ஒரே சுருதியில் குவிந்து காதைத் துளைக்கும். அதனால் நல்ல டயரில் பட்டன்களைச் சிறிதும் பெரிதுமாகக் கலந்து அடுக்குகிறார்கள், சத்தம் சிதறிப்போகிறது. மிஷெலினின் பிரைமசி, பிரிட்ஜ்ஸ்டோனின் டுரான்சா போன்ற வரிசைகள் அமைதியையும் மென்மையையும் முன்வைத்துச் செய்யப்பட்டவை. நம் நாட்டுக் கம்பெனிகளும் இந்த வண்டிகளுக்கென்றே சாலை டயர் செய்கின்றன. பெயரை மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். உங்கள் அளவில், உங்கள் வண்டியில், அதே டயரைப் போட்டு ஓட்டுகிற ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். அவர் வண்டியில் ஒரு நடை போய்வாருங்கள், பின் இருக்கையில் உட்கார்ந்து.

ஐரோப்பாவில் விற்கும் டயருக்கு ஒரு லேபிள் ஒட்டுகிறார்கள். ஈரப் பிடிப்புக்கு ஓர் எழுத்து, சத்தத்துக்கு டெசிபல் கணக்கு. மூன்று டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கு. அந்தச் சத்தத்தை அளப்பது வண்டிக்கு உள்ளே அல்ல, சாலையோரத்தில். அதில் ஓர் அறம் இருக்கிறது, கவனியுங்கள். நம் டயரின் இரைச்சல் நம் வண்டியோடு நிற்பதில்லை. சாலையோர வீட்டில் தூங்கும் குழந்தைக்கும் போகிறது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவருக்கும் போகிறது. நம் நாட்டிலும் ஈரப் பிடிப்புக்கும் உருளும்போது எழும் சத்தத்துக்கும் ஏ.ஐ.எஸ். 142 என்ற தரவிதியை 2022-இல் அரசு அறிவித்தது. சட்டம் கேட்பது கீழ்வரம்பு. நாம் அதற்கு மேலே நிற்க வேண்டியவர்கள்.

வாங்கும் இடத்திலும் குனிந்து பாருங்கள். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. நெடுநாள் அடுக்கில் கிடந்ததைத் தள்ளுபடி என்று தலையில் கட்ட விடாதீர்கள். ரப்பர் சும்மா இருந்தாலும் மூப்படையும். மூப்படைந்த ரப்பர் இறுகும். இறுகிய ரப்பர் இரையும், மழையில் வழுக்கும். வீட்டில் ஓடாமல் நிற்கும் வண்டிக்கும் இதே கணக்குதான். ஐந்து ஆண்டு தாண்டிய டயரை, பட்டன் எவ்வளவு மீதி இருந்தாலும், ஆண்டுதோறும் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

செலவு என்கிறீர்களா? கணக்குப் போடுவோம். அமைதியான டயர் ஒன்றுக்கு 1,500 ரூபாய் கூட என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்குக்கு 6,000. அந்த செட் 40,000 கிலோமீட்டர் ஓடினால், ஒரு கிலோமீட்டருக்கு 15 பைசா. பெற்றவள் நிம்மதியாக உட்கார்ந்து வருவதற்குக் கிலோமீட்டருக்கு 15 பைசா. இதை மிச்சம் பிடித்து எந்த உண்டியலில் போடப்போகிறோம்?

பொய்யான மென்மைக்கும் மயங்காதீர்கள். காற்றைக் குறைத்தால் வண்டி மெத்தென்று போகும் என்பார்கள். காற்றுக் குறைந்த டயர் ஓடும்போது மடங்கி மடங்கிச் சூடேறும். அக்கினி நட்சத்திர வெயிலில் நான்குவழிச் சாலையில் அது வெடிக்கக்கூடும். அந்த மென்மை கந்துவட்டிக்கு வாங்கியது. இன்னொரு பக்கம், கேட்காமலே நாற்பது பி.எஸ்.ஐ. காற்றடித்து அனுப்புகிறவர்களும் உண்டு. அப்போது வண்டி கல்மேல் போவதுபோல் குதிக்கும், நடுப்பட்டன் கரையும். எவ்வளவு காற்று என்று ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் எழுதியிருக்கிறது. அந்த அளவுக்கே பிடியுங்கள். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பிடியுங்கள். மாதம் ஒருமுறையாவது பிடியுங்கள்.

நான்கையும் ஒன்றாக மாற்ற முடியாதவர்கள் இரண்டை மாற்றுங்கள். புதியவை பின்னால் போகட்டும். ஈரச் சாலையில் பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், பிடித்து நிறுத்துவது அரிது. மாற்றும்போதே பேலன்சிங் செய்யுங்கள், அலைன்மென்ட் பாருங்கள். 10,000 கிலோமீட்டருக்குள் ஒருமுறை இடம் மாற்றிப் போடுங்கள். ஸ்டெப்னியை மறக்காதீர்கள். புது டயரில் முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாகப் போங்கள். வார்க்கும் அச்சிலிருந்து ஒட்டிவந்த வழுக்கல் தேய்ந்த பிறகே முழுப் பிடிப்பு வரும்.

கழற்றிய டயரையும் மறந்துவிடாதீர்கள். பாவம் அங்கேயும் காத்திருக்கிறது. மொட்டை டயரைச் சில நூறு ரூபாய்க்கு விற்றுவிட்டுக் கைகழுவாதீர்கள். அது இல்லாதவன் ஒருவனின் வண்டியில் ஏறும். அந்த வண்டியில் இன்னொருத்தியின் பிள்ளை ஏறும். சாலைக்குத் திரும்பாமல் மறுசுழற்சிக்குப் போகிறதா என்று கேட்டுக் கொடுங்கள். மொட்டைமாடியில் போட்டுவைக்காதீர்கள், மழைநீர் தேங்கினால் டெங்குக் கொசு அதில்தான் முட்டையிடும். சம்பளத்துக்கு ஓட்டுநர் வைத்திருப்பவர்களே, உங்களுக்கு இன்னும் ஒரு சொல். தேய்ந்த டயரோடு அவரைச் சாலைக்கு அனுப்பினால், வழுக்கியது அவர் கையால் என்று ஒருநாளும் சொல்லாதீர்கள்.

தாமதத்தின் விலையைச் சொல்லாமல் முடிக்கமாட்டேன். புது டயரில் பள்ளம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர். 1.6 மில்லிமீட்டரில் சட்டம் நிறுத்தச் சொல்கிறது. பள்ளத்துக்குள் சிறு மேடாக ஓர் அடையாளம் வைத்திருக்கிறார்கள், பட்டன் அதன் மட்டத்துக்கு வந்தால் டயரின் ஆயுள் முடிந்தது. மழை அந்த எல்லைக்காகக் காத்திருக்காது. அடியில் வரும் தண்ணீரை வெளியே தள்ளுவது அந்தப் பள்ளங்கள்தான். அவை ஆழம் குறைந்தால் தண்ணீர் டயரையே தூக்கும்; அந்த நொடியில் ஸ்டியரிங் லேசாகும், பிரேக் வெறுமையாகும், கூப்பிட்ட தெய்வத்தின் பெயர் மட்டும் வாயில் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்ததுமே மாற்றுங்கள். தீபாவளிச் செலவு முடியட்டும் என்று சொல்லாதீர்கள். அடைமழையில்தான் தீபாவளிக்கு ஊருக்குப் போகிறோம்.

நேரம் குறைவு, உறவுகளே. வண்டி வாங்கிய அன்று சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். நல்லபடியாகப் போய்வர வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து நின்று வேண்டிக்கொண்டோம். வேண்டுதல் நாம் செய்தது. அதைக் காப்பதும் நம் பங்கு. இன்று மாலை வண்டி வாசலுக்கு வந்ததும் அதே சக்கரத்தடியில் குனியுங்கள். விரலை விட்டுப் பள்ளத்தின் ஆழம் பாருங்கள். பக்கச்சுவரில் பிறந்த வாரம் பாருங்கள். பிறகு உள்ளே போய், பின் இருக்கையில் உட்காருகிறவரைப் பக்கத்தில் அழைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘வண்டியில வரும்போது நான் பேசறது உங்களுக்குக் கேட்குதா?’