பேர் கேக்கறது பேராசையா?

தெருக்குரல் அறிவு நம்ம திருவாலங்காட்டுக்குப் பக்கம், அரக்கோணத்துப் பிள்ளை. 2021இல் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி'யில் அவர் சொன்னது, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய பாட்டி வள்ளியம்மாளின் கதை. பாட்டு உலகம் சுற்றியது. அதே ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் பாடகி தீ இருந்தார், அறிவு இல்லை. எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் அவருக்குத் தனி அட்டை.

தீயின் குரலுக்கும் சந்தோஷ் நாராயணன் இசைக்கும் பங்கில்லையா? உண்டு, யார் இல்லேன்னா? ஆனா, 'நிலம் எல்லாருக்கும் பொதுன்னு பாடிட்டு, பேரு மட்டும் எதுக்கு?' என்கிற கேள்வி இருக்கே, அது ஆண்டை கேள்வி. பொதுன்னு குடுத்தவ சொல்லலாம். எடுத்துக்கிட்டவன் சொல்லலாமா? பாட்டு பொதுவாம், அட்டைப்படம் தனியாம்!

பழையனூரைக் கோயிலுக்குக் கொடுத்த ராசேந்திர சோழன் பேரு திருவாலங்காட்டுச் செப்பேட்டில் இருக்கு. அங்க நாத்து நட்டவ பேரை எங்க போய்த் தேடறது? அறிவு பாட்டுக்குள்ளேயே தன்னை வள்ளியம்மாள் பேரன்னு சொல்லி வச்சிருக்கார்.